சுவரில் பெரிய பூச்சியா? வடசென்னைக்குப் புதிதாகக் குடிவந்தவர்களுக்கு முத்தப்பூச்சி பற்றி

போன மழைக்காலத்தில் ஒரு நாள், ராத்திரி இரண்டு மணி இருக்கும். பின்போர்ஷனில் குடியிருக்கும் தம்பி வந்து கதவைத் தட்டினான். திருவண்ணாமலைப் பக்கத்திலிருந்து வந்து கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன். ராயபுரத்துக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. "அண்ணா, கொஞ்சம் வந்து பாருங்கண்ணா. கரப்பான்னு நெனச்சு அடிக்கப் போனேன். கரப்பான் இல்ல" என்றான்.

போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்த சுவரில், தலையணைக்கு ஒரு முழம் மேலே இருந்தது. கறுப்பாக, தட்டையாக, கட்டைவிரல் நகத்தைவிடப் பெரிதாக. வயிற்றின் ஓரம் முழுக்கச் செங்கல் நிறத்தில் ஒரு கோடு. கரப்பானாக இருந்தால் லைட் போட்டதும் ஓடி ஒளிந்திருக்கும். இதற்கு ஓட முடியவில்லை. வயிறு உப்பிக் கனத்துப்போய், காலை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து நடந்தது. தம்பியின் இடது கண்ணுக்குக் கீழே கன்னம் வீங்கியிருந்தது.

அதற்குள் அவன் செல்போனில் தேடிப் படித்துவிட்டான். "இது கடிச்சா இருபது வருஷம் கழிச்சு ஹார்ட் வீங்கிடும்னு போட்டிருக்கே, நெஜமாண்ணா?" என்று கேட்டான். விடியும் வரை இரண்டு பேரும் படியில் உட்கார்ந்திருந்தோம். அன்றைக்கு அவனுக்கு நான் சொன்ன பதில் அரைகுறைதான். அதற்குப் பிறகு படித்தும், மருத்துவர்களிடம் கேட்டும், அந்த அறையை அலசியும் தெரிந்துகொண்டதை இங்கே முறையாக எழுதுகிறேன். புதிதாக வீடு பார்த்து வருகிறவர்கள் கையில் இது இருந்தால் ஒரு ராத்திரித் தூக்கமாவது மிஞ்சும்.

நெஞ்சில் இருக்கும் பயத்தை முதலில் பார்ப்போம்

ஆங்கிலத்தில் இதை கிஸ்ஸிங் பக் என்கிறார்கள். தூங்குகிறவரின் உதட்டோரத்திலும் கண்ணோரத்திலும் கடிப்பதால் வந்த பெயர். போர்வைக்கு வெளியே இருப்பது முகம்தானே, அதனால் அங்கே கடிக்கிறது. நான் முத்தப்பூச்சி என்றே எழுதுகிறேன். நம் தெருக்களில் இதைப் பார்ப்பவர்கள் கரப்பான், வண்டு, பெரிய மூட்டைப்பூச்சி என்று வாய்க்கு வந்த பெயரைச் சொல்லிச் செருப்பால் ஒரே அடி அடித்துவிடுவார்கள்.

செல்போனில் தேடினால் முதலில் வரும் நோயின் பெயர் சாகஸ். 1909-இல் பிரேசிலின் உள்நாட்டில், ரயில் பாதை போடும் ஆட்களுக்கு மலேரியா வராமல் பார்த்துக்கொள்ளப் போன கார்லோஸ் சாகஸ் என்ற மருத்துவர் அதைக் கண்டுபிடித்தார். மண் சுவர் வீடுகளின் விரிசலில் இருந்து ராத்திரியில் இறங்கிவரும் பூச்சிகளின் குடலில் ஓர் ஒட்டுண்ணியைப் பார்த்தார். பிறகு அதே ஒட்டுண்ணியை இரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் ரத்தத்திலும் பார்த்தார். அதற்கு அவர் வைத்த பெயர் ட்ரிபனோசோமா குரூஸி. இன்றைக்கு உலகில் சுமார் 70 லட்சம் பேர் உடம்பில் அது இருக்கிறது என்றும், ஆண்டுக்குப் பத்தாயிரம் பேர் வரை இறக்கிறார்கள் என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தொற்று வந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு வரை பல ஆண்டுகள் கழித்து இதயம் கெடுகிறது. பத்தில் ஒருவருக்கு உணவுக்குழாயோ பெருங்குடலோ வீங்கிப்போகிறது. தம்பி படித்ததில் பொய் எதுவும் இல்லை.

ஆனால் அது நடக்கும் இடம் வேறு. மெக்சிகோவில் தொடங்கி அர்ஜென்டினா வரை, கொஞ்சம் அமெரிக்காவின் தென்பகுதி. முத்தப்பூச்சியில் 150-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன, கிட்டத்தட்ட எல்லாமே அந்தக் கண்டத்தில்தான். நம் ஊர் வீடுகளில் தென்படக்கூடியது ஒன்றே ஒன்று. ட்ரையடோமா ரூப்ரோஃபேசியாட்டா என்று பெயர். உலகம் முழுக்கத் துறைமுக ஊர்களில் கறுப்பு எலியோடு ஒட்டிக்கொண்டு வாழ்வது அது. சாகஸ் நோயைத் தரும் ஒட்டுண்ணி நம் ஊர் எலிகளிடம் சுற்றவில்லை. பூச்சி குடிக்கும் ரத்தத்தில் அது இல்லாதபோது பூச்சியால் அதை நமக்குக் கொடுக்கவும் முடியாது. இங்கே இந்தப் பூச்சி எலிக்கு எலி கொண்டுபோவது கோனோரைனி என்ற வேறொரு ஒட்டுண்ணியை. அது எலிகளின் ஒட்டுண்ணி என்றே அறியப்பட்டிருக்கிறது.

ஆகவே ராயபுரத்திலோ தண்டையார்பேட்டையிலோ இந்தப் பூச்சி கடித்தால், இருபது வருடம் கழித்து வரப்போகும் இதய நோயை நினைத்துக் கலங்க வேண்டாம். கவலைப்பட வேண்டியது இரண்டு விஷயங்களுக்கு. ஒன்று, கடித்த சில நிமிடங்களில் வரக்கூடிய ஒவ்வாமை. இன்னொன்று, அந்தப் பூச்சி உங்கள் அறைக்குள் இருக்கிறது என்றால் பக்கத்திலேயே எலிக்கூடு இருக்கிறது என்பது. செல்போன் இந்த இரண்டையும் பக்கத்தின் அடியில் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போகிறது.

அதுதானா என்று பாருங்கள்

முழு வளர்ச்சி அடைந்த பூச்சி இரண்டிலிருந்து இரண்டரை சென்டிமீட்டர் இருக்கும். பத்து ரூபாய்க் காசைப் பக்கத்தில் வைத்தால் காசின் குறுக்களவுக்குக் கொஞ்சம் குறைவாக இருக்கும். தலை சின்னதாக, கூம்பு மாதிரி முன்னால் நீண்டிருக்கும். அந்தத் தலைக்கு அடியில் நேரான ஊசி போன்ற வாய் மடங்கிக் கிடக்கும். உடம்பு கரும்பழுப்பு. இறக்கை மூடாத வயிற்றின் விளிம்பிலும், கழுத்துக்குப் பின்னால் இருக்கும் ஓட்டின் ஓரத்திலும் ஆரஞ்சு கலந்த சிவப்பு. ரூப்ரோஃபேசியாட்டா என்றால் சிவப்புப் பட்டை உடையது என்று அர்த்தம். 1773-இல் ஸ்வீடன்காரர் டி கீர் இதை விவரித்து எழுதியபோதே அந்தப் பட்டையைத்தான் பெயராக வைத்தார்.

குஞ்சுகளுக்கு இறக்கை கிடையாது. ஐந்து முறை தோல் உரித்துத்தான் பெரிதாகும். ஒவ்வொரு பருவத்திலும் ரத்தம் குடித்தாக வேண்டும். சின்னக் குஞ்சை மூட்டைப்பூச்சி என்று நினைத்துவிடுவது சுலபம். மூட்டைப்பூச்சி தட்டையான நீள்வட்டமாக, ஆப்பிள் விதை அளவில், செம்பழுப்பாக இருக்கும், மெத்தைத் தையலிலும் கட்டில் சட்டத்திலும் கூட்டமாக அடைந்திருக்கும். வடசென்னையில் புதிதாக வாடகைக்கு வருகிறவர்களைக் கடிப்பது பெரும்பாலும் அதுதான். வரிசையாக மூன்று நான்கு சின்னத் தடிப்புகள் இருந்தால் முதலில் மூட்டைப்பூச்சியைத் தேடுங்கள். முத்தப்பூச்சி கடித்தால் ஒன்றோ இரண்டோ பெரிய வீக்கம், நடுவில் ஒரு புள்ளி.

தோட்டத்தில் இருக்கும் கொலைகாரப் பூச்சிகளும் இதே குடும்பம்தான். அவை மற்ற பூச்சிகளைப் பிடித்துத் தின்னும், அவற்றின் வாய் தடித்து வளைந்திருக்கும். கையில் எடுத்தால் சுரீர் என்று கொட்டும். முத்தப்பூச்சி கடிக்கும்போது பெரும்பாலும் வலிக்காது. பத்து இருபது நிமிடம் உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும், நமக்குத் தெரியாது. பருத்திச் செடியிலும் பூவரசிலும் ஜோடி ஜோடியாக ஒட்டிக்கொண்டு திரியும் சிவப்புப் பூச்சிகளைப் பார்த்தும் சிலர் பயப்படுகிறார்கள். அவை விதைச் சாறு குடிப்பவை. விட்டுவிடுங்கள்.

பிடிக்கும் முறை

அடித்து நசுக்காதீர்கள். வெறும் கையால் தொடவும் வேண்டாம். சாகஸ் நோய்கூடப் பூச்சியின் ஊசி வழியாக ஏறுவதில்லை. ரத்தம் குடித்தபடியே அது கழிக்கும் மலத்தில்தான் கிருமி இருக்கும், சொறியும்போது புண்ணுக்குள்ளோ கண்ணுக்குள்ளோ போகும். அந்தக் கிருமி இங்கே இல்லை என்றாலும், எலி ரத்தமும் பூச்சி மலமும் கண்ணில் படுவது நல்லதில்லை. அதோடு நசுக்கிவிட்டால் அது என்ன பூச்சி என்று யாராலும் சொல்ல முடியாது.

மூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று போதும். ஊறுகாய் டப்பா, பார்சல் குழம்பு டப்பா எதுவானாலும் சரி. சுவரில் இருக்கும் பூச்சியின் மேல் டப்பாவைக் கவிழ்த்து அழுத்துங்கள். ஒரு கல்யாணப் பத்திரிகை அட்டையைச் சுவருக்கும் டப்பாவுக்கும் நடுவில் மெல்லச் செருகுங்கள். அட்டையோடு சேர்த்துத் திருப்பி, தட்டிவிட்டு மூடியைப் போடுங்கள். அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. பூச்சிதான் நிதானமாக இருந்தது, அட்டையின் மேல் ஏறி நின்று கொம்பை ஆட்டிக்கொண்டிருந்தது. டப்பாவை இரண்டு நாள் ஃப்ரீசரில் வைத்தால் செத்துவிடும். ஃப்ரிட்ஜ் இல்லையென்றால் கை கழுவும் சானிடைசரை ஊற்றிவிடுங்கள்.

போட்டோ இரண்டு எடுங்கள். மேலே இருந்து ஒன்று, தலை தெரியும்படி பக்கவாட்டில் ஒன்று. பக்கத்தில் பத்து ரூபாய்க் காசு. டப்பாவின் மேல் தேதி, தெரு, எந்த அறை, எத்தனை மணி என்று எழுதி ஒட்டுங்கள். பூச்சி இருந்த சுவரையும் தரையையும் பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரால் துடைத்துவிட்டு, தலையணை உறையையும் விரிப்பையும் கொதிக்கிற தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

காலையில் அருகில் உள்ள மாநகராட்சி சுகாதார மையத்திலோ, ஸ்டான்லி மருத்துவமனையிலோ அந்தப் போட்டோவைக் காட்டலாம். பூச்சியையே காட்டி உறுதி செய்துகொள்ள நினைப்பவர்களுக்குப் பக்கத்துக் கல்லூரியின் விலங்கியல் துறை நல்ல இடம். சாந்தோமில் இந்திய விலங்கியல் ஆய்வு நிறுவனத்தின் தென்மண்டல மையமும் இருக்கிறது.

கடித்திருந்தால், அந்த ராத்திரி

இந்தப் பகுதியை மட்டுமாவது வீட்டில் எல்லோரும் படித்து வையுங்கள்.

பூச்சியின் எச்சிலில் ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் புரதங்கள் இருக்கின்றன. சிலருடைய உடம்பு அந்தப் புரதங்களை எதிரியாக எடுத்துக்கொள்கிறது. முதல் தடவை கடித்தபோது ஒன்றும் செய்யாமல், இரண்டாவது மூன்றாவது தடவையில் உடம்பு முழுக்கக் கிளம்பும். இதே இனம் கடித்து உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை வந்ததாக சிங்கப்பூரிலும் ஹவாயிலும் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். நம் ஊரில் இந்தப் பூச்சியால் ஒருவர் உயிருக்கு ஆபத்து வருமென்றால் அது இந்த வழியில்தான்.

வீக்கம் கடித்த இடத்தில் மட்டும் இருந்தால் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் கழுவுங்கள். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுங்கள். அரிப்புக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் செட்டிரிசின் மாத்திரை ஒன்று போதும். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் எடுக்க வேண்டாம். சுண்ணாம்பு தடவுவது, மஞ்சளை வறுத்துப் பற்றுப் போடுவது, பிளேடால் கீறி ரத்தம் எடுப்பது எதுவும் வேண்டாம். கண்ணுக்குப் பக்கத்தில் சுண்ணாம்பு வைத்தால் பூச்சி செய்யாத கெடுதலைச் சுண்ணாம்பு செய்துவிடும். பக்கத்துவீட்டுப் பெரியம்மா அன்பாகக் கொண்டுவந்து நீட்டுவார்கள், வாங்கி வைத்துக்கொண்டு தடவாமல் இருந்துவிடுங்கள்.

அடுத்த ஒரு மணி நேரம் கடிபட்டவரைத் தனியாக விடாதீர்கள். உள்ளங்கை, உள்ளங்கால், அக்குள் அரிக்கிறதா, உடம்பெல்லாம் தடிப்புத் தடிப்பாகக் கிளம்புகிறதா, உதடோ நாக்கோ தடிக்கிறதா, குரல் மாறுகிறதா, மூச்சு இழுக்கிறதா, தலை சுற்றுகிறதா, வாந்தி வருகிறதா என்று பார்த்துக்கொண்டே இருங்கள். தோலில் தடிப்போடு மூச்சுத் திணறலோ மயக்கமோ சேர்ந்து வந்தால் மாத்திரையை நம்பி உட்காராதீர்கள். அதற்கு அட்ரினலின் ஊசிதான் மருந்து. 108-ஐக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸ் நுழையாத சந்து என்றால் ஆட்டோவில் ஏற்றிப் பக்கத்து அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். தலை சுற்றுகிறவரை எழுப்பி நடக்க விடாமல் படுக்கவைத்துக் காலைக் கொஞ்சம் உயர்த்துங்கள். மூச்சுத்தான் திணறுகிறது என்றால் சாய்ந்து உட்காரட்டும். அங்கே போனதும் 'பூச்சி கடித்தது, இத்தனை மணிக்கு, இப்போது மூச்சு முட்டுகிறது' என்று அந்த வரிசையில் சொல்லுங்கள். ஒரு தடவை இப்படி வந்தவருக்கு மறுபடி கடித்தால் இதைவிடக் கடுமையாக வரலாம். அதனால் அவர் அந்த அறையில், பூச்சி ஒழிந்தது தெரியும் வரை, தூங்கக் கூடாது.

தம்பிக்குக் கன்ன வீக்கத்தோடு நின்றது. மூன்றாம் நாள் வடிந்துவிட்டது.

இரண்டு மூன்று நாள் கழித்துக் காய்ச்சல் வந்தால் பூச்சி மேல் பழியைப் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். மழைக்காலத்தில் இங்கே டெங்கு இருக்கும். வெள்ளத்தில் நடந்தவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். கெண்டைக்கால் கடுமையாக வலித்து, கண் சிவந்து, காய்ச்சல் அடித்தால் அன்றைக்கே மருத்துவரைப் பார்த்து, வீட்டில் எலி இருப்பதையும் சொல்லுங்கள். எலிக்காய்ச்சல் இந்தப் பூச்சியால் வருவதில்லை, எலி மூத்திரம் கலந்த தண்ணீரால் வருவது. ஆனால் இரண்டுக்கும் ஊற்று ஒரே எலிதான்.

எலியைப் பிடித்தால் பூச்சி பிடிபடும்

இந்தப் பூச்சி நம்மைத் தேடி வந்ததில்லை. கறுப்பு எலியின் கூட்டில் குடியிருப்பது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து பாய்மரக் கப்பல் காலத்தில் எலிகளோடு உலகம் சுற்றியிருக்க வேண்டும் என்பது இந்தப் பூச்சியை ஆராய்ந்தவர்கள் பலரின் கணிப்பு. துறைமுகம், தானிய மண்டி, குடோன், பழைய கட்டடம், எலி என்று எல்லாம் ஒரே இடத்தில் சேர்ந்திருப்பதால் மண்ணடி, ராயபுரம், வண்ணாரப்பேட்டை பக்கம் இதற்கு வசதி அதிகம்.

இந்தப் பூச்சிக்கும் நம் ஊருக்கும் ஒரு பழைய கதை உண்டு. நூறு வருடத்துக்கு முன்னால் சென்னையில் காலா அசார் என்னும் கருங்காய்ச்சல் இருந்தது, அதிலும் ஜார்ஜ் டவுனில். 1903-இல் சென்னைப் பொது மருத்துவமனையில் நோயாளியின் மண்ணீரலில் அந்தக் கிருமியைப் பார்த்தவர் சார்லஸ் டோனவன். அதே கிருமியைப் பார்த்த இன்னொரு மருத்துவர் லீஷ்மன் பெயரோடு சேர்த்து இன்றும் அந்தக் கிருமிக்கு டோனவன் பெயர்தான். அதைப் பரப்புவது எது என்று தேடியபோது அவர் சந்தேகப்பட்டது இதே சிவப்புப் பட்டைப் பூச்சியை. 1909-இல் அதைப் பற்றி எழுதினார். பிரேசிலில் சாகஸ் வேறொரு முத்தப்பூச்சியைக் கையும் களவுமாகப் பிடித்ததும் அதே வருடம்! சாகஸ் சொன்னது சரியாக இருந்தது. டோனவனின் சந்தேகம் தவறாகப் போனது. கருங்காய்ச்சலைப் பரப்புவது மணல் ஈ என்று 1942-இல் சுவாமிநாத், ஷார்ட், ஆண்டர்சன் மூவரும் நிரூபித்தார்கள். எனக்கு இந்தக் கதையில் முக்கியமாகப் படுவது, அந்தக் காலத்திலேயே சென்னை வீடுகளில் ஒரு மருத்துவர் சந்தேகப்படும் அளவுக்கு இந்தப் பூச்சி இருந்திருக்கிறது என்பதுதான். நம் அறைக்கு இது புது விருந்தாளி இல்லை.

சரி, அறையை அலசுவோம். பகலில், டார்ச்சும் கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு இரண்டு பேராகச் செய்யுங்கள். மேலே இருந்து தொடங்குங்கள். மெட்ராஸ் டெரஸ் வீடு என்றால் தேக்கு உத்திரம் சுவரில் நுழையும் இடத்தில் எப்போதும் ஓர் இடுக்கு இருக்கும். ஓட்டு வீடு என்றால் ஓட்டுக்கும் சுவர்த் தலைக்கும் நடுவில். அப்புறம் பரண். முன்னே குடியிருந்தவர்கள் விட்டுப்போன கோணி, பழைய பாய், அட்டைப்பெட்டி, கிழிந்த மெத்தை எல்லாம் அங்கேதான் இருக்கும். கரண்ட் மீட்டர் பலகையின் பின்பக்கம், ஏசி பைப் நுழையும் ஓட்டை, சுவரில் பெயர்ந்து தொங்கும் காரை, சாமி படத்தின் பின்னால், காலண்டர் பின்னால், கட்டில் தலைமாடு என்று ஒவ்வொன்றாக இறங்கி வாருங்கள். சுவரில் மை வழிந்தது போலக் கறுப்பும் வெளுப்புமாகக் கோடுகள் இருந்தால் அது பூச்சி மலம். வெறுங்கூடு போல உரித்த தோல் கிடந்தால் குஞ்சுகள் வளர்கின்றன. எலிப்புழுக்கை எங்கே குவிந்திருக்கிறதோ அங்கே நேரம் எடுத்துப் பாருங்கள்.

தம்பி அறையில் பரணின் கோடியில் இரண்டு சிமென்ட் சாக்கு இருந்தது. தூக்கியதும் அடியிலிருந்து நூலும் பிளாஸ்டிக்கும் கலந்து பின்னிய எலிக்கூடு ஒன்று சரிந்து விழுந்தது. அதில் நான்கு குஞ்சுப் பூச்சிகள். ஒன்று மிளகு அளவுதான் இருக்கும், அதற்கும் வயிற்றின் ஓரத்தில் வெளிறிய பட்டை.

வெளியேயும் பாருங்கள். மாடியில் புறாக்கூண்டு வைத்திருப்பவர்கள் நம் பக்கத்தில் அதிகம், சந்தில் கோழி வளர்ப்பவர்களும் உண்டு. பறவை ரத்தமும் பூச்சிக்கு ஆகும். கூண்டை அறைச் சுவரில் சாய்த்து வைக்காமல் தள்ளி வைத்து, அடித்தட்டை வாரம் ஒருமுறை கழற்றிக் கழுவினால் போதும். புறாவை விற்கச் சொல்லி அண்டைவீட்டுக்காரரோடு சண்டைக்குப் போக வேண்டியதில்லை.

இனி வேலை. இதில் எதை முதலில் செய்வது என்பதில் தவறு செய்யாதீர்கள். எலியை மட்டும் ஒரே ராத்திரியில் கொன்றுவிட்டால், கூட்டில் இருக்கும் பூச்சி பசியோடு வேறு ரத்தம் தேடும். பக்கத்தில் தூங்குவது நீங்கள். மாதக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாத பூச்சி இது. அதனால் கூட்டை அகற்றுவது, இடுக்கில் மருந்து அடிப்பது, எலியைப் பிடிப்பது மூன்றும் ஒரே வாரத்தில் நடக்க வேண்டும். கூட்டைத் தண்ணீர் தெளித்து நனைத்துவிட்டு, குப்பைப் பையில் போட்டுக் கட்டி, இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். பெருக்கித் தூசி கிளப்பாதீர்கள்.

எலிக்குப் பொறிதான் என் கணக்கில் முதல். மசால் வடை வைத்த கம்பிப் பொறியை இரண்டு நாள் கதவைத் திறந்தே வைத்துப் பழக்கிவிட்டு மூன்றாம் நாள் வேலை செய்யும்படி வையுங்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த எலி பேஸ்ட் வீட்டுக்குள் வரவே கூடாது. மனிதர் வயிற்றில் கொஞ்சம் போனாலும் கல்லீரலை அழித்துவிடும், அதற்கு மாற்று மருந்து கிடையாது. 2024 நவம்பரில் குன்றத்தூர் பக்கம் ஒரு வீட்டில், எலிக்கு வைத்த மருந்திலிருந்து வந்த நச்சுக் காற்றில் இரண்டு குழந்தைகள் இறந்துபோனார்கள். தூங்குகிற அறையில் எந்த எலி மருந்தும் வைக்காதீர்கள். தெரு முழுக்க எலித்தொல்லை என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணில் புகார் சொல்லுங்கள், நாலு வீட்டுக்காரர்களும் தனித்தனியாகச் சொல்லுங்கள்.

எலி போன பிறகு ஓட்டைகளை அடைக்க வேண்டும். சுண்டுவிரல் நுழையும் ஓட்டை குட்டி எலிக்குப் போதும். கால் அங்குலக் கம்பி வலையைத் திணித்து அதன்மேல் சிமென்ட் பூசுங்கள். வெறும் பேப்பரும் துணியும் வைத்து அடைத்தால் அதுவே அடுத்த கூட்டுக்குச் சாமான். சுவர் விரிசல்களுக்கு வெள்ளைச் சிமென்ட் பட்டி. லத்தீன் அமெரிக்காவில் சாகஸ் குறைந்ததே இப்படித்தான். சுவருக்கு மருந்து அடித்தார்கள், விரிசல் இல்லாத வீடு கட்டினார்கள். அங்கே பெரும் கேடு செய்த ட்ரையடோமா இன்ஃபெஸ்டன்ஸ் என்ற பூச்சியால் பரவுவது நின்றுவிட்டதாக 2006-இல் பிரேசிலுக்குச் சான்றே கிடைத்தது. ஒரு கொத்தனார் ஒரு நாளில் செய்யும் வேலைதான் நம் அறைக்கு வேண்டியது. பழைய வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே ஓனரிடம் பேசி, பரணைக் காலி செய்து, இடுக்குப் பூசித் தரச் சொல்லுங்கள். கொடுத்த பிறகு கேட்டால் இழுத்தடிப்பார்கள்.

மருந்து என்றால் பைரெத்ராய்டு வகை, டெல்டாமெத்ரின் போன்றது, இடுக்குகளுக்குள் படும்படி அடிக்க வேண்டும். உரிமம் உள்ள ஆளைக் கூப்பிட்டு, எந்த மருந்து என்று பெயரை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மருந்து காயும் வரை குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். மீன் தொட்டியை முன்னாலேயே வேறு வீட்டுக்கு மாற்றுங்கள், பைரெத்ராய்டு மீனுக்கு விஷம். கொசுவுக்கு அடிக்கும் புகை இடுக்குக்குள் போகாது. கொசுவர்த்தியும் இதற்குப் பயன்படாது.

அதுவரை தூங்குவது எப்படி? கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் இழுத்துப் போடுங்கள். கொசுவலையைக் கட்டி நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகுங்கள். தரையில் படுப்பவர்கள் பாய்க்கு அடியில் செருகுங்கள். இறக்கை முளைத்த பூச்சி வெளிச்சத்துக்குப் பறந்து வரும், அதனால் ஜன்னல் பக்கம் ராத்திரி முழுக்க லைட் எரிய வேண்டாம்.

யார் மட்டும் சாகஸ் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்

வடசென்னையில் கப்பலுக்குப் போகிற பிள்ளைகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். பிரேசில், அர்ஜென்டினா, மெக்சிகோ என்று கரையிறங்கி, உள்நாட்டில் மண் வீட்டிலோ ஓலைக் கூரையின் கீழோ தங்கியவர்கள், அங்கே ரத்தம் ஏற்றிக்கொண்டவர்கள், அங்கே பிறந்து வளர்ந்து இங்கே மருமகளாக வந்தவர்கள் மருத்துவரிடம் அதைச் சொல்ல வேண்டும். துறைமுகத்தோடு நின்று நாலு நாளில் கிளம்பியவர்கள் கவலைப்பட வேண்டியதில்லை. அங்கே சாப்பாடு வழியாகவும் இது வந்திருக்கிறது. 2005-இல் பிரேசிலின் சாண்டா கட்டாரினாவில் சாலையோரம் கரும்புச் சாறு குடித்தவர்களுக்கு வந்தது, சிலர் இறந்தார்கள். பூச்சியும் கரும்போடு சேர்ந்து ஆலையில் அரைபட்டிருக்கிறது.

புதிதாகத் தொற்றியிருந்தால் காய்ச்சல் வரலாம், ஒரு பக்கக் கண்ணிமை மட்டும் வலியில்லாமல் வீங்கலாம். பலருக்கு எதுவுமே தெரியாது. ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும். பென்ஸ்நிடசோல், நிஃபுர்டிமாக்ஸ் என்று இரண்டு மருந்துகள் இருக்கின்றன. ஆரம்பத்தில் கொடுத்தால் கிட்டத்தட்ட முழுமையாகக் குணமாகும். தாயிடமிருந்து வயிற்றுப் பிள்ளைக்குப் போகும் நோய் இது. ஆகவே கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் அதற்கு முன்பே பரிசோதித்துவிட வேண்டும். ரத்த தான முகாமுக்குப் போகும்போதும் அந்தப் பயணத்தை மறைக்காமல் சொல்லுங்கள்.

அதற்குப் பிறகு

ஒரு தடவை அலசியதோடு விட்டுவிடாதீர்கள். அப்போது முட்டையாக இருந்தது சில வாரத்தில் குஞ்சாகும். முதல் மூன்று மாதம், பதினைந்து நாளுக்கு ஒருமுறை, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் சட்டென்று லைட் போட்டுச் சுவரையும் கட்டில் காலையும் பாருங்கள். மிக்ஜாம் புயல் மாதிரி தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றால் கணக்கு மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கும். தரைத்தளத்து எலிகள் மாடிக்கு ஏறும், கூடவே பூச்சியும் ஏறும். தண்ணீர் வடிந்த வாரம் பரணை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

தம்பி அறையில் ஆறாவது வாரம் ஒரு குஞ்சு கிடைத்தது, மீட்டர் பலகைக்குப் பின்னால். பலகையைக் கழற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டோம், நாமாக அதில் கை வைக்கக் கூடாது. பின்னால் இருந்த ஓட்டையில் கையை விட்டால் முழங்கை வரை போனது. அடைத்தோம். அதற்குப் பிறகு நாலு மாதமாக எதுவும் இல்லை. அந்த ஊறுகாய் டப்பாவும் பத்திரிகை அட்டையும் இன்னும் அவன் ஜன்னல் திண்டில்தான் இருக்கின்றன. மாசி மாதம் அவன் அம்மா ஊரிலிருந்து வந்து தங்கியபோது, வந்த முதல் ராத்திரியே, அவர்களுக்கு அதை எப்படிக் கவிழ்க்க வேண்டும் என்று சுவரில் வைத்துக் காட்டிக்கொண்டிருந்தான்.